முதல் பாறையேறி வண்டி: வேகத்தைக் கேட்காதீர்கள்

ரிமோட் கார் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "இது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" பந்தயக் காருக்கு அது சரியான கேள்வி. 'ராக் கிராலர்' எனப்படும் பாறையேறி வண்டிக்கு அது பொருந்தாது. நல்ல பாறையேறி ஒன்று முழு வேகத்தில் போனாலும் நீங்கள் அதன் பக்கத்திலேயே நடந்து போகலாம். அதன் வேலை ஓடுவதல்ல, ஏறுவது. கல், வேர், மரக்கட்டை, ஆற்றுப் பாறை என எது குறுக்கே வந்தாலும் கவிழாமல், வழுக்காமல், அங்குலம் அங்குலமாக அதன்மேல் ஏறி மறுபுறம் இறங்க வேண்டும்.

மலேசியாவில் 1997இல் தொடங்கிய 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' போட்டியில் நான்கு சக்கர இயக்க வண்டிகள் சேற்றிலும் சரிவிலும் திணறி ஏறுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதே சவாலை உள்ளங்கை அளவிலோ ஒரு முழ நீளத்திலோ சுருக்கித் தருபவைதான் இந்த வண்டிகள். சிறிய வண்டிக்கே சில நூறு ரிங்கிட் ஆகும். பெரியது ஆயிரம் ரிங்கிட்டை எளிதில் தாண்டிவிடும். பிள்ளை ஆசைப்பட்டான் என்று தவறானதை வாங்கிக் கொடுத்தால், இரண்டு வாரத்தில் அது அலமாரிக்குப் போய்விடும். பணத்தோடு பிள்ளையின் ஆர்வமும் போய்விடும். ஆகவே, கடைக்குப் போகுமுன் இந்த வண்டி எந்த அறிவியல் விதிகளை நம்பி ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு எதைக் கேட்பது, எதற்குப் பணம் கொடுப்பது என்பது தானாகவே விளங்கும்.

பொம்மையா, கருவியா?

இரவுச் சந்தையிலும் பேரங்காடியிலும் 'பாறையேறி' என்ற பெயரில் பெரிய சக்கரங்களோடு மலிவான வண்டிகள் கிடைக்கின்றன. தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. கட்டுப்பாட்டில்தான் தெரியும். பொம்மை வண்டிகள் பலவற்றில் மோட்டாருக்கு இரண்டே நிலைகள்: ஓடு, நில். திருப்புவதற்கும் அப்படியே: முழு இடம், நேர், முழு வலம்.

உண்மையான பாறையேறியில் உங்கள் விரல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவே சக்கரம் சுழலும். கையிலுள்ள கருவி வண்டியின் அலைவாங்கிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கட்டளை அனுப்புகிறது. அலைவாங்கி அதை ஒரு மின்துடிப்பாக மாற்றுகிறது. அந்தத் துடிப்பு 1.5 மில்லிவிநாடி நீடித்தால் 'நடுநிலை'. 1 மில்லிவிநாடியை நோக்கிக் குறைந்தால் ஒரு பக்கம், 2 மில்லிவிநாடியை நோக்கி நீண்டால் மறு பக்கம். இந்தத் துடிப்பு விநாடிக்குச் சுமார் 50 முறை போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் சக்கரத்தை மூன்று பாகை மட்டும் திருப்பு என்று உங்களால் சொல்ல முடிகிறது.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிரிக்கரை மிக மெதுவாக அழுத்துங்கள். சக்கரம் கடிகார முள்போல மெல்லச் சுழலத் தொடங்கினால் நல்லது. 'விர்' என்று ஒரேயடியாகச் சுழன்றால் அது பொம்மை. அடுத்து, "இதன் பல்சக்கரம் உடைந்தால் தனியாகக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். பாறையில் ஓடும் வண்டி கட்டாயம் உடையும். உதிரிப் பாகம் கிடைக்காத வண்டி, முதல் உடைப்போடு குப்பைக்குப் போகும்.

எந்த அளவு?

பாறையேறிகளின் அளவை உண்மையான வண்டியோடு ஒப்பிட்டுப் பின்னமாகச் சொல்வார்கள். 1/24, 1/18, 1/10 ஆகியவை தொடக்கநிலையாளர்கள் அடிக்கடி சந்திக்கும் அளவுகள். ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்24 முதல் வகை, டிராக்ஸஸ் நிறுவனத்தின் டிஆர்எக்ஸ்-4எம் இரண்டாம் வகை, அதே நிறுவனத்தின் டிஆர்எக்ஸ்-4 மூன்றாம் வகை.

நீளம் பாதியானால் எடையும் பாதியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றுமே சுருங்குவதால் எடை அதன் கனத்திற்கேற்பக் குறையும். 1,800 கிலோ எடையுள்ள ஒரு ஜீப்பைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகும், அதாவது 1.8 கிலோ. கடையில் விற்கும் 1/10 வண்டிகள் ஏறத்தாழ இரண்டிலிருந்து மூன்று கிலோ வரை இருப்பது இந்தக் கணக்குக்கு நெருக்கமானதுதான். 1/10 வண்டியை 1/24 அளவுக்குச் சுருக்கினால் எடை பதினான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே மேசையிலிருந்து விழுந்தாலும் சிறிய வண்டி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பெரிய வண்டி அதே உயரத்திலிருந்து விழுந்தால் அச்சு வளையலாம்.

ஆனால் ஒன்று சுருங்குவதில்லை: புவியீர்ப்பு. உண்மையான வண்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ ஏறத்தாழ 0.45 விநாடி ஆகும். அதற்கு இணையாக 1/10 வண்டி 10 சென்டிமீட்டர் விழ 0.14 விநாடிதான். வண்டி சிறிதாகச் சிறிதாக, கவிழத் தொடங்கிய பிறகு அதைக் காப்பாற்ற உங்களுக்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. சிறிய வண்டி துள்ளுவதும் சட்டென்று புரள்வதும் இதனால்தான். பெரிய வண்டி நிதானமாக, நிஜ வண்டிபோல ஆடி அசைந்து ஏறும்.

அப்படியானால் எதை வாங்குவது? நீங்கள் எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதே விடை. அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு 1/24 போதும். புத்தக அடுக்கு, தலையணை, பூந்தொட்டிக் கற்கள் எல்லாம் அதற்கு மலைகள். வீட்டு முற்றமும் பக்கத்தில் பூங்காவும் இருந்தால் 1/18 பொருத்தம். வார இறுதியில் ஆற்றங்கரைக்குப் போகிற குடும்பமானால் 1/10 வாங்கலாம். சிறிய வண்டியை ஆற்றுப் பாறையில் விட்டால் அது இரண்டு கல்லுக்கு நடுவே காணாமற் போகும். பெரிய வண்டியை வரவேற்பறையில் விட்டால் ஏற ஒன்றும் இருக்காது.

வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்குதல்

சிறிய மின்மோட்டார் இயல்பிலேயே அவசரக்காரன். நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும், ஆனால் விரலால் பிடித்தே நிறுத்திவிடலாம். அந்தச் சுழற்சியைப் பல்சக்கரங்கள் வழியாகக் குறைத்துக் குறைத்துச் சக்கரத்துக்கு அனுப்பினால், குறைந்த வேகத்துக்கு ஈடாக முறுக்குவிசை கூடுகிறது. உராய்வில் கொஞ்சம் வீணாகும், மீதி சக்கரத்துக்குச் சேரும்.

ஒரு கணக்குப் போடுவோம். மோட்டார் நிமிடத்திற்கு 15,000 முறை சுழல்கிறது, பல்சக்கரங்கள் அதை 40இல் ஒன்றாகக் குறைக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் நிமிடத்திற்கு 375 முறை சுழலும். சக்கரத்தின் விட்டம் 11 சென்டிமீட்டர் என்றால் வண்டி மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். மெதுவோட்டம் ஓடுபவரின் வேகம். இது முழு விசையில். பாறையில் ஏறும்போது இதில் பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துவீர்கள்.

பாறையேறிக்கான மோட்டார்களில் 35T, 45T, 55T என்று எழுதியிருக்கும். உள்ளே கம்பி எத்தனை சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கிறது என்பதை அது குறிக்கிறது. சுற்று கூடினால் வேகம் குறையும், மெதுவான கட்டுப்பாடு கூடும். தொடக்கத்தில் தூரிகையுள்ள சாதாரண மோட்டாரே போதும். விலை குறைவு, மெதுவாக ஓடுவதில் தடுமாற்றமும் இல்லை. தூரிகையற்ற மோட்டார் திறன்மிக்கதுதான். ஆனால் நிலையறியும் உணரி இல்லாத மலிவு வகைகள், நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது விக்கி விக்கித் துடிக்கும். பாறையின் விளிம்பில் அந்த ஒரு துடிப்பு போதும், வண்டி கீழே கிடக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: "டிரிக்கரை விட்டதும் வண்டி சரிவில் நிற்குமா?" பாறையேறிக்கான வேகக் கட்டுப்படுத்தியில் 'டிராக் பிரேக்' என்ற ஏற்பாடு உண்டு. விசையை விட்டவுடன் மோட்டாரே தடையாக மாறி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் ஏறிய வண்டி பின்னோக்கி உருளும்.

ஒரு எச்சரிக்கை. சக்கரம் கல்லிடுக்கில் சிக்கிச் சுழலாமல் நிற்கும்போது டிரிக்கரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். சுழலாத மோட்டார்தான் மிக அதிக மின்சாரத்தை இழுக்கும். அது முழுவதும் வெப்பமாகிச் சுருளைக் கருக்கும்.

ஒரு சக்கரம் தூக்கினால் என்ன ஆகும்?

சாலையில் ஓடும் காரில் 'டிஃபரன்ஷியல்' என்ற பல்சக்கரத் தொகுதி உண்டு. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் போக வேண்டியிருப்பதால், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவது அதன் பணி. ஆனால் அது இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டால் அதற்குத் தேவையான விசை மிகச் சொற்பம். அதே சொற்பம்தான் தரையிலுள்ள சக்கரத்துக்கும் கிடைக்கும். தூக்கிய சக்கரம் சும்மா சுழலும், வண்டி அசையாது.

பாறையில் எப்போதும் ஏதாவது ஒரு சக்கரம் தூக்கியபடிதான் இருக்கும். அதனால் பாறையேறிகளில் இரண்டு அச்சுகளையும் பூட்டிவிடுவார்கள். இடமும் வலமும் சேர்ந்தே சுழலும். திரும்பும்போது வளைவு சற்றுப் பெரிதாகும், அது இதற்குக் கொடுக்கும் விலை. டிஆர்எக்ஸ்-4இன் சில வகைகளில் கையிலுள்ள கருவியிலிருந்தே பூட்டவும் திறக்கவும் முடியும். வசதிதான், ஆனால் முதல் வண்டிக்குக் கட்டாயமில்லை. அச்சுகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்க்க, வண்டியைத் தூக்கி ஒரு முன்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரமும் அதே திசையில் சேர்ந்து சுழல வேண்டும்.

அகலக்கால் வைக்கலாம்

அகலக்கால் வைக்காதே என்பார்கள். பாறையேறிக்கு அகலக்கால்தான் பாதுகாப்பு. பக்கச் சரிவில் வண்டி எப்போது கவிழும் என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதி, ஈர்ப்பு மையத்தின் உயரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது, கவிழும் கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பு.

அகலம் 20 சென்டிமீட்டர், ஈர்ப்பு மையம் 8 சென்டிமீட்டர் உயரத்தில் என்றால் 51 பாகை வரை வண்டி நிற்கும். கூரையில் சாமான் தட்டு, விளக்குகள், பொம்மைப் பெட்டிகள் எல்லாம் ஏற்றி ஈர்ப்பு மையத்தை 12 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் 40 பாகையிலேயே கவிழும். சுருள்வில்கள் அமுங்கி வண்டி சரிவுப் பக்கம் சாய்வதால், நடைமுறையில் இதற்கும் சற்று முன்பே கவிழும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையோரம் மெல்லிய மரச்சட்டத்தை ஒட்டுங்கள். வண்டியை அந்த முனையில் குறுக்காக நிறுத்தி, ஒரு பக்கத்துச் சக்கரங்களைச் சட்டத்தோடு சேர்த்துவையுங்கள். இனி வழுக்காது. சட்டம் கீழே இருக்குமாறு மறுமுனையை மெல்ல உயர்த்துங்கள். மேற்பக்கச் சக்கரங்கள் தூக்கும் நொடியில் அந்த முனை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளவெடுங்கள். 64 சென்டிமீட்டர் என்றால் 40 பாகை, 78 சென்டிமீட்டர் என்றால் 51 பாகை. ஐந்தாம் படிவ மாணவர் இதை முக்கோணவியல் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கூரையில் ஒரு சிறு கல்லை ஒட்டி மீண்டும் அளந்தால் வேறுபாடு கண்முன்னே தெரியும்.

அனுபவசாலிகள் சக்கரத்தின் உள்ளும் அச்சின் முனைகளிலும் பித்தளை எடைகளை வைப்பது இதனால்தான். அந்த எடை சுருள்வில்லுக்குக் கீழே, தரைக்கு மிக அருகில் இருக்கிறது. முன்பக்கம் சற்று அதிக எடை இருந்தால், செங்குத்தாக ஏறும்போது முன்சக்கரம் தூக்கி மல்லாந்து விழுவதும் குறையும்.

முதலில் டயர், பிறகு செர்வோ

கையில் கொஞ்சம் பணம் மீந்தால் பெரிய மோட்டாருக்குச் செலவிட வேண்டாம். கல்லைத் தொடுவது மோட்டாரல்ல, டயர். டயரின் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அழிப்பான்போல மென்மையாக அமுங்க வேண்டும். மென்ரப்பர் கல்லின் சின்னஞ்சிறு மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பிடித்துக்கொள்கிறது. இந்த டயர்களில் காற்றடிப்பதில்லை. உள்ளே பஞ்சுபோன்ற நுரைவளையம் இருக்கிறது. அது அமுங்குவதால் டயர் கல்லைச் சுற்றி வளைந்து பிடிக்கிறது.

அடுத்தது செர்வோ. முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்ப் பெட்டி அது. ஓடும் காரில் திருப்புவது எளிது. கல்லிடுக்கில் நசுங்கி நிற்கும் சக்கரத்தைத் திருப்புவது கடினம். செர்வோவின் வலிமையைக் கிலோ-சென்டிமீட்டரில் சொல்வார்கள். 20 என்றால், ஒரு சென்டிமீட்டர் நீளக் கையால் 20 கிலோவைத் தாங்கும் வலிமை. 1/10 வண்டிக்கு அந்த அளவில், உலோகப் பல்சக்கரம் உள்ளதாகப் பாருங்கள். பலமான செர்வோ அதிக மின்சாரம் இழுக்கும். வண்டியின் மின்சுற்று அதைத் தாங்குமா என்று கடையில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

மின்கலத்தில் அலட்சியம் வேண்டாம்

இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு என்றால் அது மின்கலம்தான். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலம் சற்றுக் கனமானது, ஆனால் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். 'லிப்போ' எனப்படும் லித்தியம் பாலிமர் மின்கலம் இலேசானது, ஆற்றல் மிக்கது, ஆனால் கண்டிப்பானது. அதன் ஓர் அறை முழுதாக மின்னேறும்போது 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். மீண்டும் மின்னேற்றும்போது தீப்பற்றவும் கூடும்.

அதனால் வேகக் கட்டுப்படுத்தியில் மின்கல வகையைச் சரியாக அமையுங்கள். லிப்போவைப் போட்டுவிட்டு அமைப்பை நிக்கலில் விட்டால், மின்கலம் வற்றும்வரை வண்டி நிற்காது. அறைகளைச் சமமாக நிரப்பும் மின்னேற்றியையே பயன்படுத்துங்கள். மெத்தை, சோபாவின் மேல் வைத்து மின்னேற்றாதீர்கள். ஆளில்லாத வீட்டிலும், எல்லாரும் தூங்கும் நேரத்திலும் மின்னேற்றாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவராதீர்கள். நம் நாட்டு வெயிலில் கார் அடுப்பாகிவிடும். சில வாரங்களுக்கு ஓட்டப் போவதில்லை என்றால் ஓர் அறைக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள். உப்பிய மின்கலத்தை மீண்டும் மின்னேற்றவே கூடாது. வீட்டுக் குப்பையிலும் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். பிள்ளையின் வயது எதுவானாலும் மின்னேற்றும் பொறுப்பு பெரியவருடையது.

ஆற்றங்கரையில்

தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. அங்கிருந்து இறங்கும் ஆறுகளின் பெரும் பாறைகள் சொரசொரப்பானவை. காய்ந்த கல்லில் டயர் நன்றாகப் பிடிக்கும். பாசி படிந்த ஈரக் கல்லில் எந்த டயரும் வழுக்கும். உங்கள் காலும் வழுக்கும். 'நீர்புகா' என்று பெட்டியில் எழுதியிருந்தால், அது வழக்கமாக மின்னணுப் பாகங்களைத்தான் குறிக்கும். சக்கரத் தாங்கிகளில் நீர் புகுந்து துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, உலர்த்தி, தாங்கிகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கையிலுள்ள கருவி நனையக் கூடாது.

மலையில் மழை பெய்தால், கீழே வெயிலடித்தாலும் ஆற்றில் திடீரென்று 'கெப்பாலா ஆயர்' வரும். நீர் கலங்கினாலோ இலைதழைகள் அடித்துக்கொண்டு வந்தாலோ வண்டியை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

கடைக்குப் போகுமுன்

ஓட்டத் தயாராக வரும் வண்டியை வாங்குவதா, பாகங்களாக வரும் தொகுப்பை வாங்கிப் பூட்டுவதா என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. திருப்புளி பிடித்துப் பழகிய பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தொகுப்பு நல்லது. பூட்டியவருக்குக் கழற்றவும் தெரியும். ஆனால் மோட்டார், செர்வோ, அலைவாங்கி போன்றவற்றைப் பல தொகுப்புகளில் தனியாக வாங்க வேண்டியிருக்கும். செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மற்றவர்களுக்கு ஓட்டத் தயாராக வரும் வண்டியே மேல்.

கடையில் கேட்க வேண்டியவை இவை: டிரிக்கரின் அழுத்தத்துக்கேற்ப வேகம் மாறுகிறதா? உதிரிப் பாகம் கிடைக்குமா? அச்சுகள் பூட்டியவையா? சரிவில் நிற்குமா? டயர் மென்மையானதா? மின்கலமும் சரியான மின்னேற்றியும் விலைக்குள் அடங்குமா? ஆறுக்கும் 'ஆம்' என்றால், பெயர் எதுவாக இருந்தாலும் அது நல்ல முதல் வண்டி.

வாங்கியபின் முதல் ஒரு மாதம் எதையும் மாற்றாதீர்கள். ஒரே கல்லில் பத்து வழிகளில் ஏறிப் பாருங்கள். எந்தச் சக்கரம் முதலில் தொட வேண்டும், எங்கே விசையை விட வேண்டும் என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பலகைச் சோதனையில் கிடைத்த அளவை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். செலவழித்த ரிங்கிட்டுக்கு எத்தனை பாகை கூடியது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.